வேரின் சூட்டைக் கவனியுங்கள்: வீட்டுக்குள் மண்ணில்லாத் தோட்டம், வாசகர் கேள்வி பதில்

கோடை நெருங்கும் வேளையில், வீட்டு அறைக்குள் மண் இல்லாமல் கீரையும் காயும் வளர்ப்பது குறித்து வேலூர், இராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்டங்களிலிருந்தும், பழைய வடஆற்காட்டைச் சேர்ந்த ஆரணியிலிருந்தும் வாசகர்கள் எழுதியிருக்கிறார்கள். பெரும்பாலான கடிதங்கள் எந்த உரத்தை வாங்குவது என்றே கேட்கின்றன. மண்ணுக்குப் பதிலாகச் செடி வேர்விட்டு நிற்கும் ஊட்டக் கரைசலுக்கான உர உப்புகள் இன்று கடையில் எளிதாகக் கிடைக்கின்றன. நம் பக்கத்தில் எளிதில் கிடைக்காதவை குளிர்ந்த தண்ணீர், உப்பு குறைந்த தண்ணீர், போதிய வெளிச்சம் ஆகியவைதான். ஆகவே இந்த இதழில் அவற்றைப் பற்றிய கேள்விகளுக்கே முதலிடம் தந்திருக்கிறேன்.

கேள்வி: மொட்டை மாடிக்கு நேர் கீழே உள்ள அறையில், 20 லிட்டர் பிளாஸ்டிக் டப்பாவில் லெட்டூஸ் வளர்க்கிறேன். தை மாதத்தில் செழிப்பாக வந்தது. பங்குனி பிறந்ததிலிருந்து, டப்பா நிறையத் தண்ணீர் இருந்தும் பகலில் இலைகள் துவண்டு போகின்றன. வேர் பழுத்து நாற்றம் வீசுகிறது. உரத்தைக் கூட்டியும் பயனில்லை. எங்கே குறை?
வாசகி, காட்பாடி

பதில்: குறை உரத்தில் இல்லை, தண்ணீரின் சூட்டில் இருக்கிறது. வேரும் சுவாசிக்கிறது. அதற்குத் தண்ணீரில் கரைந்த ஆக்சிஜன் வேண்டும். 20 டிகிரி செல்சியஸில் உள்ள ஒரு லிட்டர் தண்ணீரில் ஏறத்தாழ 9 மில்லிகிராம் ஆக்சிஜன் கரைந்திருக்க முடியும். 30 டிகிரியில் அது ஏழரை மில்லிகிராமாகக் குறைந்துவிடும். சூடு 10 டிகிரி ஏறும்போது வேரின் சுவாசம் ஏறக்குறைய இரு மடங்காகிறது என்பதால், தேவை கூடும் நேரத்திலேயே வரத்து குறைகிறது. இப்படி மூச்சுத் திணறி வலுவிழந்த வேரில் பித்தியம் என்ற, பூஞ்சையை ஒத்த நுண்ணுயிர் புகுந்து அழுகலை உண்டாக்குகிறது. உங்கள் செடியின் வேரைக் கையில் பிடித்து மெல்ல இழுத்துப் பாருங்கள். மேல்தோல் வழுக்கிக்கொண்டு உருவி வந்து, உள்ளே மெல்லிய நடுநரம்பு மட்டும் நின்றால் அது வேரழுகல்தான். அழுகிய வேர் உறிஞ்ச முடியாததால், தண்ணீரில் நின்றபடியே செடி வாடுகிறது. அந்த நிலையில் உரத்தைக் கூட்டினால் கரைசலில் உப்பு ஏறி, மிச்சமிருக்கும் வேரும் தண்ணீர் எடுக்கத் தடுமாறும்.

மீன் தொட்டிக்கு விற்கும் சிறிய வெப்பமானி ஒன்றை வாங்கி, பிற்பகல் மூன்று மணிக்குக் கரைசலில் வைத்துப் பாருங்கள். லெட்டூஸின் வேருக்கு 18 முதல் 22 டிகிரி வரை உகந்தது, 25 வரை சமாளிக்கும். 28ஐத் தாண்டினால் அழுகல் எப்போது தொடங்கும் என்பதுதான் கேள்வியாக இருக்கும். வேலூரில் அக்கினி நட்சத்திர நாட்களில் வெளியே 40 டிகிரியைத் தாண்டுவது வழக்கம். பகலெல்லாம் வெயில் குடித்த மாடித் தளம் இரவிலும் அந்தச் சூட்டைக் கீழே உள்ள அறைக்குள் இறக்கிக்கொண்டே இருக்கும். அதனால் மற்ற எந்த ஏற்பாட்டுக்கும் முன்பு, தொட்டியை வேறு அறைக்கு மாற்ற முடியுமா என்று பாருங்கள். வடக்குப் பக்கத்து அறையில், மேசையின் மேல் வைக்காமல் தரையோடு வைத்தாலே வேறுபாடு தெரியும்.

சிறிய டப்பா விரைவில் சூடேறும். அதே செடிகளுக்கு 40 லிட்டர் கரைசல் இருந்தால் பகல் சூடு உள்ளே ஏறுவதற்குள் மாலை வந்துவிடும். டப்பாவைச் சுற்றித் தெர்மாகோல் அட்டை ஒட்டுவது, அல்லது ஈரச் சாக்கைச் சுற்றி மின்விசிறிக் காற்றுப் படும்படி வைப்பது நம் ஊருக்குப் பொருந்தும். சித்திரையில் இங்கே காற்று வறண்டிருப்பதால் சாக்கின் ஈரம் வேகமாக ஆவியாகி டப்பாவைக் குளிர்விக்கும். கடற்கரை ஊர்களில் இதற்கு இவ்வளவு பலன் இராது. கடும் வெயில் நாட்களில், குளிர்பதனப் பெட்டியின் ஃப்ரீசரில் உறைய வைத்த ஒரு லிட்டர் பாட்டிலை மூடியோடு கரைசலில் மிதக்க விடலாம். முழுவதும் உருகி முடிவதற்குள் அது 20 லிட்டர் கரைசலை ஏறத்தாழ 5 டிகிரி குளிர்விக்கும். நண்பகலுக்கு முன்பே போட்டு வைப்பது நல்லது. ஏர் பம்ப்பும் குமிழி விடும் கல்லும் கட்டாயம் வேண்டும். ஆனால் அவை ஆக்சிஜனைத்தான் சேர்க்கும், சூட்டைத் தணிக்கா. பம்ப் எந்தக் காற்றை இழுக்கிறதோ அதே சூட்டில்தான் குமிழியும் வரும் என்பதால், அதை அறையின் குளிர்ந்த மூலையில், தண்ணீர் மட்டத்துக்கு மேலே வையுங்கள்.

வெயில் காலத்தில் செடி உப்பைவிடத் தண்ணீரையே அதிகமாக உறிஞ்சும். மட்டம் குறையும்போதெல்லாம் கரைசலையே ஊற்றி நிரப்பினால் உப்பு நாளுக்கு நாள் ஏறிவிடும். ஆகவே வெறும் தண்ணீரை ஊற்றி மட்டத்தைச் சரி செய்து, பிறகு கரைந்துள்ள உப்பின் அளவைக் காட்டும் மின்கடத்துதிறனை, அதாவது இ.சி. அளவை மீட்டரில் பாருங்கள். குளிர்காலத்தில் லெட்டூஸுக்கு 1.2 (மில்லிசீமன்ஸ்/செ.மீ.) வைத்திருந்தால் கோடையில் 0.8 போதும்.

இவ்வளவுக்குப் பிறகும் என் கருத்தைச் சொல்ல வேண்டும். சித்திரை, வைகாசியில் மாடி அறையில் லெட்டூஸ் வளர்க்கப் போராடுவது தேவையற்றது. காப்பாற்றினாலும் 28 டிகிரிக்கு மேற்பட்ட அறையில் அது தண்டு நீண்டு, இலை கசந்து, பூவுக்குப் போகும். ஐப்பசியில் விதைத்து மாசிக்குள் அறுத்து முடியுங்கள். பங்குனியிலிருந்து சிறுகீரை, அரைக்கீரை, தண்டுக்கீரை, கொடிப்பசலை, பொன்னாங்கண்ணி ஆகியவற்றுக்கு மாறுங்கள். இவை நம் வெயிலில் பிறந்து வளர்ந்த பயிர்கள். லெட்டூஸ் துவளும் சூட்டில் தண்டுக்கீரை வேகம் பிடிக்கும். இப்போது அழுகியிருக்கும் செடிகளை எடுத்து எறிந்துவிட்டு, டப்பா, குழாய், குமிழிக் கல் எல்லாவற்றையும் பிளீச்சிங் பவுடர் கரைத்த நீரில் ஊற வைத்து, நன்றாக அலசி, வெயிலில் உலர்த்திய பிறகே புதுக் கன்றுகளை வையுங்கள்.

கேள்வி: எங்கள் வீட்டு ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரை, கரைந்த உப்பைக் காட்டும் டி.டி.எஸ். மீட்டரில் பார்த்தால் 1,400 காட்டுகிறது. இதில் உரத்தைக் கலக்கலாமா? ஆர்.ஓ. கருவியிலிருந்து கழிவாக வெளியேறும் தண்ணீர் வீணாகிறதே, அதைப் பயன்படுத்தலாமா?
வாசகர், வாணியம்பாடி

பதில்: இரண்டும் கூடாது. கழிவு நீரில், கிணற்றில் இருந்த உப்பு இன்னும் செறிவாக இருக்கும். அதைத் தரை துடைக்கவும் கழிப்பறைக்கும் வைத்துக்கொள்ளுங்கள். லெட்டூஸுக்கு உரம் சேர்த்த பிறகு இருக்க வேண்டிய மொத்த அளவே உங்கள் மீட்டர் கணக்கில் ஏறத்தாழ 500 முதல் 800 வரைதான். உரம் சேர்க்கும் முன்பே 1,400 இருந்தால் செடிக்கு உணவு வைக்க இடமே இல்லை. அந்த 1,400 என்பது பெரும்பாலும் செடிக்கு வேண்டாத சோடியமும் குளோரைடும் ஆகும். உங்கள் பகுதியின் பாலாற்றங்கரை நிலத்தடி நீர் தோல் பதனிடும் கழிவுகளால் கெட்டது பற்றி உச்ச நீதிமன்றமே 1996ஆம் ஆண்டு தீர்ப்பு வழங்கியிருப்பதை நீங்கள் அறிவீர்கள். மண்ணில் நின்ற பயிருக்கு மழை வந்து உப்பைக் கழுவிவிடும். தொட்டியில் நிற்கும் செடிக்கு அந்த வழி கிடையாது. தண்ணீர் ஆவியாக ஆவியாக உப்பு அங்கேயே தங்கும்.

மழைநீர்தான் நல்ல வழி. நம் மாநிலத்தில் 2003 முதலே வீடுகளுக்கு மழைநீர் சேகரிப்புக் கட்டாயம். பல வீடுகளில் குழாய் ஏற்கெனவே இருக்கிறது, அது நிலத்துக்குள் போகிறது. அதில் ஒரு கிளையைப் பிரித்து ஒரு பிளாஸ்டிக் தொட்டியில் விட்டால் போதும். 1,000 சதுர அடி மாடியில் ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால் 900 லிட்டருக்கு மேல் தண்ணீர் விழுகிறது. முதல் மழையின் அழுக்கு நீரை வெளியே விட்டு, சிந்துவது சிதறுவது போக 700 லிட்டர் பிடித்தாலும், சில டப்பாக்களில் கீரை வளர்க்கும் குடும்பத்துக்குப் பல மாதங்களுக்கு வரும். தொட்டியை வெளிச்சம் புகாமல் மூடி, மேலே கொசுவலை கட்டுங்கள். டெங்குவைப் பரப்பும் கொசு நல்ல தண்ணீரில்தான் முட்டையிடுகிறது.

மழைநீர் குறைவாக இருந்தால், ஒரு குடம் கிணற்று நீருக்கு நான்கு குடம் மழைநீர் என்று கலந்தால் 1,400 என்பது 300க்குப் பக்கமாக இறங்கும். உரம் சேர்க்கும் முன் கீரைக்கு அதுவே மேல் எல்லை என்று கொள்ளுங்கள். கிணற்று நீரில் இருக்கும் கால்சியம் கொஞ்சம் பயனும் தரும். காவிரிக் கூட்டுக் குடிநீர் உங்களுக்கு வருமானால், அதை ஓர் இரவு திறந்து வைத்துக் குளோரின் போன பிறகு பயன்படுத்தலாம்.

உவர் நீரோடு வரும் இன்னொரு தொல்லை, கரைசலின் அமில, காரத் தன்மையைக் காட்டும் பி.எச். ஏறுவது. கரைசல் 5.5க்கும் 6.5க்கும் இடையில் நிற்க வேண்டும். நம் ஊர்க் கடின நீரில் உள்ள பைகார்பனேட் அதை 8 வரை தள்ளிக்கொண்டு போகும். அப்போது இரும்புச் சத்து கரைசலில் இருந்தாலும் செடிக்குக் கிட்டாது. இளந்தளிர் மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நின்றால், இரும்பு உரம் வாங்க ஓடுவதற்கு முன் பி.எச். பாருங்கள். எலுமிச்சைச் சாறு பிழிந்தால் அன்று குறையும். நுண்ணுயிர்கள் அந்த அமிலத்தைச் சிதைத்துவிடுவதால் பி.எச். மீண்டும் ஏறிவிடும். பி.எச். குறைக்கவென்றே விற்கப்படும் நீர்த்த பாஸ்பாரிக் அமிலத்தைக் கையுறை அணிந்து, தண்ணீரில் சில சொட்டுகளாக விடுங்கள். அமிலத்தின் மேல் ஒருபோதும் தண்ணீரை ஊற்றாதீர்கள்.

கேள்வி: நான் கல்லூரி மாணவன். அறையில் தெற்குப் பார்த்த சன்னல் ஒன்று இருக்கிறது. அதன் வெளிச்சம் போதாதா? கடையில் ஊதா நிற விளக்குத்தான் செடிக்கு நல்லது என்கிறார்கள். விலை கட்டுப்படியாகவில்லை. வீட்டு டியூப் லைட்டால் வளர்க்க முடியுமா?
வாசகர், சத்துவாச்சாரி

பதில்: டியூப் லைட்டால் முடியும், சன்னலை மட்டும் நம்ப முடியாது. வேலூர் ஏறத்தாழ 13 டிகிரி வட அட்சரேகையில் இருக்கிறது. மார்கழியில் சூரியன் தெற்கே சாய்ந்து போவதால் உங்கள் சன்னல் வழியே வெயில் அறைக்குள் விழும். ஏப்ரல் கடைசி வாரத்தில் நண்பகல் சூரியன் நம் தலைக்கு நேர் மேலே வந்துவிடுவதால், வெளியே வெயில் கொளுத்தினாலும் உள்ளே நேர் வெயில் வராது. கண்ணுக்கு அறை பளிச்சென்றே தெரியும். நம் கண் வெளிச்சத்துக்கு ஏற்பத் தன்னைச் சரிசெய்துகொள்வதால் அதை வைத்து அளவிட முடியாது. வெளியே நடுப்பகல் வெயில் ஒரு லட்சம் லக்ஸ் (ஓர் இடத்தில் விழும் வெளிச்சத்தின் அளவு) என்றால், சன்னலிலிருந்து சில அடி தள்ளி சில நூறு லக்ஸ்தான் இருக்கும். அங்கே முளைத்த கீரை தண்டு மெலிந்து, நீண்டு, சன்னல் பக்கம் சாயும்.

வெள்ளை எல்.இ.டி. விளக்கு வெளிச்சத்தில் லெட்டூஸும் கீரையும் ஓரளவு நன்றாக வளர 12,000 முதல் 15,000 லக்ஸ் வரை, நாளொன்றுக்கு 14 முதல் 16 மணி நேரம் வேண்டும். நான்கு அடி நீளம், இரண்டு அடி அகலம் உள்ள ஒரு தட்டுக்கு, 20 வாட் எல்.இ.டி. டியூப் லைட்டுகள் ஆறு தேவைப்படும். ஒவ்வொன்றும் 2,000 லுமென் அளவு ஒளி தருவதாகக் கொண்டு, கால் பங்கு வெளியே சிதறிப் போனாலும் தட்டின் மேல் 12,000 லக்ஸ் விழும். செடியின் நுனியிலிருந்து ஒரு சாண் முதல் ஒரு அடி உயரத்துக்குள் தொங்க விட்டு, செடி வளர வளர மேலே தூக்குங்கள். சுற்றிலும் வெள்ளை அட்டை அல்லது வெள்ளைத் துணி கட்டினால் சிதறும் வெளிச்சம் திரும்பி வரும். ஊதா விளக்கில் இருப்பது சிவப்பும் நீலமும். வெள்ளை விளக்கில் அவையும் இருக்கின்றன, பச்சையும் இருக்கிறது. பச்சை ஒளி அடர்ந்த இலைகளுக்குள் ஊடுருவிக் கீழ் இலைகளுக்கும் பயன்படும். வெள்ளை வெளிச்சத்தில் இலையின் உண்மையான நிறம் தெரிவதால் நோயை முதல் நாளிலேயே கண்டுபிடிக்கலாம். எனக்கு அதுவே பெரிய காரணம்.

மின்சாரச் செலவையும் முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள். ஆறு விளக்குகள் சேர்ந்து 120 வாட். 16 மணி நேரம் எரிந்தால் நாளுக்கு ஏறத்தாழ 2 யூனிட், இரண்டு மாதக் கணக்கில் 115 யூனிட். வீட்டு இணைப்புக்கு நம் மாநிலத்தில் இரு மாதங்களுக்கு வழங்கப்படும் இலவச 100 யூனிட்டை இந்த ஒரு தட்டே தீர்த்துவிடும். அந்த 120 வாட்டும் கடைசியில் சூடாகவே அறையில் தங்கும். எனவே கோடையில் விளக்கை மாலை ஆறு மணிக்குப் போட்டு, காலை எட்டு, ஒன்பது மணிக்கு அணையுங்கள். செடிக்கு இரவு எது, பகல் எது என்பதை விளக்குத்தான் சொல்கிறது. 24 மணி நேரமும் எரிய விடுவது மட்டும் கூடாது. தக்காளியின் இலை இடைவிடாத வெளிச்சத்தில் வெளிறிப்போகும். கொத்தமல்லிக்கு நீண்ட பகல் கிடைத்தால் விரைவில் பூவெடுக்கும் என்பதால் அதற்கு 12 மணி நேரமே போதும். புதினாவுக்கு இதில் பாதி வெளிச்சம் இருந்தாலும் பிழைத்துக்கொள்ளும். முதன்முதலில் தொடங்குபவருக்கு நான் அதையே சொல்வேன்.

கேள்வி: முன்பு தறி ஓடிய அறையைச் செடிகளுக்கு ஒதுக்கியிருக்கிறோம். கதவைச் சாத்தி ஏர் கூலர் போடுகிறோம். லெட்டூஸின் உள் இலைகள் மட்டும் ஓரம் கருகுகின்றன. கால்சியம் சேர்த்தும் சரியாகவில்லை.
வாசகி, ஆரணி

பதில்: கரைசலில் கால்சியம் இருக்கிறது, அது இளம் இலைக்குப் போய்ச் சேரவில்லை. இலை தன் ஈரத்தைக் காற்றில் விடும்போது மேலேறும் நீரோட்டத்தோடுதான் கால்சியமும் ஏறும். சாத்திய அறையில் ஏர் கூலர் ஓடினால் ஈரப்பதம் 80, 90 விழுக்காட்டைத் தொடும். அப்போது, மூடிய உள் இலைகளிலிருந்து ஈரம் வெளியேறாமல் நின்றுவிடும். சன்னலைத் திறந்து வைத்தே கூலரைப் போடுங்கள். ஈரப்பதம் 50 முதல் 70 விழுக்காட்டுக்குள் இருக்கட்டும். சிறிய மின்விசிறி ஒன்று, இலைகள் லேசாக அசையும் அளவுக்கு, விளக்கு எரியும் நேரம் முழுவதும் சுழலட்டும். கால்சியம் நைட்ரேட்டையும் மக்னீசியம் சல்பேட்டையும் செறிந்த கரைசலாக ஒரே பாட்டிலில் கலந்து வைத்திருந்தால், இரண்டும் சேர்ந்து அடியில் ஜிப்சமாகப் படிந்திருக்கும். அவற்றைத் தனித்தனிப் பாட்டில்களில் வைத்து, தொட்டித் தண்ணீரில்தான் ஒன்று சேர்க்க வேண்டும்.

கேள்வி: அறையில் கரியமில வாயு கூடினால் செடி வேகமாக வளரும் என்கிறார்களே, அதற்கு ஏதாவது செய்யலாமா?
வாசகர், வாலாஜாபேட்டை

பதில்: வேண்டாம். வெளிக்காற்றில் அது பத்து லட்சத்தில் 420 பங்கு அளவுக்கு இருக்கிறது. அடைத்த பசுமைக் குடில்களில் அதை 800, 1,000 என்று உயர்த்துவது உண்டு. வீட்டில் மனிதர் மூச்சுவிடும் அறையிலேயே அது வெளிக்காற்றைவிடக் கூடுதலாகத்தான் இருக்கும். வெளிச்சம் குறைவான இடத்தில் அதைக் கூட்டியும் பெரிய பலன் கிடைக்காது. எரித்தோ உருளை வைத்தோ வாயுவைக் கூட்டுவது, ஆட்கள் தூங்கும் வீட்டில் ஆபத்தானது. நாளுக்கு இருமுறை சன்னலைத் திறந்து வையுங்கள்.

கேள்வி: மின்தடை வந்தால் செடிகள் எவ்வளவு நேரம் தாங்கும்?
வாசகர், குடியாத்தம்

பதில்: அது நீங்கள் தேர்ந்தெடுத்த அமைப்பைப் பொறுத்தது. குழாயில் மெல்லிய படலமாகக் கரைசல் ஓடும் முறையில், கோடைப் பகலில் ஒரு மணி நேரம் பம்ப் நின்றாலே வேர் காயத் தொடங்கும். வேர் தொட்டியில் தொங்கும் முறையில் பல மணி நேரம் தாங்கும். பம்ப்பே இல்லாத முறையும் உண்டு. ஹவாய் பல்கலைக்கழகத்தின் பெர்னார்ட் கிராட்கி பரப்பிய அந்த முறையில், செடி தண்ணீரைக் குடிக்கக் குடிக்க மட்டம் இறங்கி, மேலே உண்டாகும் இடைவெளியில் நிற்கும் வேர்கள் காற்றை நேராக எடுத்துக்கொள்கின்றன. மட்டம் இறங்கிவிட்டதே என்று மீண்டும் விளிம்பு வரை நிரப்பினால் அந்தக் காற்று வேர்கள் மூழ்கிச் செடி கெடும். நம் நாட்டிலேயே 1946ஆம் ஆண்டில் ஷோல்டோ டக்ளஸ் என்ற ஆய்வாளர் வங்காளத்தின் காலிம்போங் பகுதியில் தொடங்கிய ஆய்வுகள், எளிய மக்கள் விலையுயர்ந்த கருவிகள் இல்லாமல் மண்ணில்லாப் பயிர் செய்வதையே நோக்கமாகக் கொண்டிருந்தன. மின்தடை அடிக்கடி வரும் தெருவில் இருப்பவர்களும் இந்த வழியிலேயே தொடங்கலாம்.

கேள்வி: எங்கள் ஊர் இலவம்பாடி முள்ளுக் கத்தரியை வீட்டுக்குள் இப்படி வளர்த்துக் காய் பறிக்க முடியுமா?
வாசகர், அணைக்கட்டு

பதில்: 2023இல் புவிசார் குறியீடு பெற்ற அந்தக் கத்தரியின் மேல் உங்களுக்குள்ள பற்று எனக்கும் உண்டு. இருந்தாலும் காய் பறிக்கும் வரை அறைக்குள் வைத்திருக்கச் சொல்ல மாட்டேன். கீரைக்கு வேண்டியதைப் போல இரண்டு மடங்கு வெளிச்சம் கத்தரிக்கு வேண்டும், அதுவும் மாதக்கணக்கில் வேண்டும். காற்றும் வண்டும் இல்லாத அறையில் பூவின் மகரந்தம் தானாக உதிராது என்பதால், ஒவ்வொரு பூக்கொத்தையும் காலையில் விரலால் தட்டி அதிரச் செய்ய வேண்டியிருக்கும். உங்கள் ஊர் மண்ணும் வெயிலும் இலவசமாகச் செய்து தரும் வேலையை விளக்கிடம் காசு கொடுத்து வாங்க வேண்டாம்.

நாற்று வளர்ப்பதற்கு மட்டும் அறை நன்றாக உதவும். தேங்காய் நார்க்கழிவைப் பலமுறை நல்ல தண்ணீரில் அலசி உப்பை நீக்கிக் குழித்தட்டில் நிரப்பி, விதை முளைத்ததும் இ.சி. 1.0 அளவுள்ள கரைசலை ஊற்றி, மேலே சொன்ன விளக்கின் கீழ் வையுங்கள். நான்கைந்து இலை விட்ட நாற்றை நேராக வயலில் நட்டால் வெயிலில் இலை வெந்துவிடும். முதலில் காலை வெயிலில் ஒரு மணி நேரம், மறுநாள் இரண்டு மணி நேரம் என்று ஒரு வாரம் பழக்கி, அந்த நாட்களில் தண்ணீரையும் சற்றுக் குறைத்து, மாலை நேரத்தில் நடுங்கள்.